பச்சைப் பெட்டிக் குடியானவன்

ஆனி மாசக் கடைசியில் என் மனைவி இறந்தாள். அடுத்த வாரமே கூலித் தகராறில் மில்லைக் கதவடைத்தார்கள். தலைப்பிரசவம் என்று தாய் வீட்டுக்குப் போயிருந்தவளை, வலி கண்டு முடியாமல், வண்டி கட்டி மதுரைக்குக் கொண்டுவந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எனக்குச் சேதி வந்து நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தை இல்லை. மறுநாள் அவளும் இல்லை.

பழங்காநத்தத்தில் மில் ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் எனக்கு ஓர் அறை. காலையில் எழுந்தால் போவதற்கு வேலை இல்லை. வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்து அறைக்காரர் வயதில் மூத்தவர், என்னோடு பஞ்சு அடிக்கும் பகுதியில் வேலை பார்த்தவர். அவர்தான் சோறு கொண்டுவந்து வைப்பார். "கொஞ்சம் அழுதுருப்பா. அழுதா எறங்கிரும்" என்று சொல்லிப் பார்த்தார். அழ முடியாது என்றில்லை, அழ வேண்டும் என்று தோன்றவில்லை. பசித்தது, சாப்பிட்டேன். தூக்கம் வந்தது, தூங்கினேன். சவரம் மட்டும் செய்துகொள்ளவில்லை. துக்கத்தால் அல்ல, நாவிதர் கடை வரைக்கும் நடக்கத் தோன்றவில்லை.

அப்படி இருந்த நாளில்தான் வக்கீல் குமாஸ்தா ஒருவர் எங்கள் வரிசைக்கு வந்தார். ஜில்லா போர்டுத் தேர்தல் வந்திருந்தது. படிக்காதவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு நிறத்தில் வோட்டுப் பெட்டி. அந்தக் குமாஸ்தா பச்சைப் பெட்டிக்காரர்களுக்கு ஏஜெண்டு. வெள்ளைக் கோட்டும் மூக்குக் கண்ணாடியுமாக வாசல் வாசலாக நின்று ஆட்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தவர், என் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார்.

"எழுந்திரு, பாப்போம்."

எழுந்தேன்.

"சட்டையைக் கழட்டு."

கழற்றினேன். ஏன் என்று கேட்க வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை. எனக்கு உடம்பே கிடையாது. பஞ்சுத் தூசியில் சில வருஷம் நின்றால் யாருக்குமே இருக்காது. விலா எலும்பு தெரியும். அவர் என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது.

"இருமலும் இருக்கா? நல்லதாப் போச்சு" என்றார்.

விஷயம் இதுதான். ஊர் ஊராக ஒரு வண்டி போகும். அதன்மேல் ஏழைக் குடியானவன் ஒருவன் உட்கார்ந்திருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு கலப்பை. எதிர்ப் பெட்டிக்காரர்களின் ஆட்சியில் குடியானவன் என்ன கதிக்கு வந்துவிட்டான் என்று ஜனங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு நிஜக் குடியானவர்களையே கூப்பிட்டுப் பார்த்தார்களாம். அழகர்கோவில் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். துவைத்த சட்டையும் அங்கவஸ்திரமுமாக வந்தவர், சட்டையைக் கழற்றச் சொன்னதும் வந்த வழியே போய்விட்டார். இன்னொருவருக்குத் தொந்தி. வேறொருவர் எதற்கெடுத்தாலும் சிரித்தார்.

"நெசமாவே ஏர் ஓட்டுறவன் எவனும் குடியானவன் மாதிரி இல்லப்பா" என்றார் குமாஸ்தா. வருத்தமாகத்தான் சொன்னார்.

நாள் கூலி தருவதாகச் சொன்னார். பக்கத்து அறைக்காரர், "போப்பா, வெளிக்காத்துப் பட்டாத் தேவல" என்றார். போனேன்.

சிம்மக்கல்லில் ஒரு மண்டிக்கு மேலே மச்சில், நாடகக் கொட்டகைகளுக்குப் படுதா எழுதும் பாய் ஒருவர் இருந்தார். பச்சைப் பெட்டிக்காரர்களுக்கு வண்டியின் பின்னால் கட்ட ஒரு பெரிய படுதாவும், சுவரில் ஒட்டும் நோட்டீஸுக்கு ஒரு படமும் எழுதித் தர அவர் ஒப்புக்கொண்டிருந்தார். நான் அவர் முன்னால் உட்கார வேண்டும். கோவணம் கட்டி, தலையில் ஒரு கந்தலைச் சுற்றி, ஒரு கையை நெற்றிக்கு மேல் வைத்து மழையைத் தேடுகிற மாதிரி. தலைக்கட்டு வடக்கத்திக்காரன் கட்டுகிற மாதிரி இருந்தது. பாய்க்கு மாதிரிக்காகக் கொடுத்திருந்த அச்சுப் படத்தில் அப்படித்தான் இருந்ததாம்.

அவர் பேசாமல் எழுதுகிற மனிதர். முதலில் எலும்பும் தோலுமாக ரெண்டு மாடு எழுதினார். பிறகு பாளம் பாளமாக வெடித்த நிலம். "இந்தப் பக்கம் எங்கண்ணே நெலம் இப்படி வெடிச்சுக் கெடக்கு?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"வெடிப்புப் போட்டாத்தான் தூரத்துல நின்னு பாக்குறவனுக்குத் தெரியும் தம்பி. பச்சையா எழுதுனா வெறும் புல்லுன்னு நெனைப்பான்."

இரண்டாம் நாள், "முகத்தை அப்படியே வச்சுக்கறீங்க, ஆடாம அசையாம. நாடகத்துல இருந்தீங்களா?" என்று கேட்டார். இல்லை, வீட்டுக்காரி இறந்துபோனாள் என்றேன். அவர் தூரிகையைத் தண்ணீரில் வைத்துவிட்டு, வாய்க்குள் துஆ ஓதினார். கீழே ஆள் அனுப்பி டீ வாங்கிவரச் சொன்னார். ரெண்டு பேரும் குடித்தோம். அதற்குப் பிறகு அவர் என் முகத்தை எழுதும்போது என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. இருந்தாலும் முகம் சரியாகத்தான் வந்தது. நானே பார்த்து, நான்தான் என்று தெரிந்துகொண்டேன்.

வண்டி புரட்டாசியில் கிளம்பியது. தேர்தலில் நின்ற அபேட்சகருக்குச் சொந்தமான வண்டி, அவர் பண்ணையின் மாடுகள். நல்ல காங்கேயம் காளைகள், கொம்பில் பித்தளைக் குப்பி மாட்டியிருந்தது. மெலிந்த மாடாகப் பூட்டச் சொல்லிக் குமாஸ்தா எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். வண்டிக்காரர், "மெலிஞ்ச மாடு இம்புட்டுத் தூரம் இழுக்காதுங்க" என்று முடித்துவிட்டார். ஆகவே படுதாவில் எலும்பு மாடும், நுகத்தில் கொழுத்த மாடுமாக நாகமலையைத் தாண்டி மேற்கே போனோம்.

பெரியாற்றுத் தண்ணீர் வந்த வருஷம். சாலையின் இரு பக்கமும் நெற்பயிர் இடுப்பளவுக்குப் பச்சையாக நின்றது. அதன் நடுவே வெடித்த நிலத்தை விரித்துக் கட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். ஊர் எல்லை வந்ததும் தமுக்கு அடிப்பார்கள். நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொள்வேன். கை வலித்தால் மாற்றிக்கொள்வேன்.

முதல் ஊரில் களையெடுப்பு முடிந்து வந்த பெண்கள் வண்டியைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "யாரு பெத்த புள்ளையோ" என்று சொல்லிவிட்டு, தூக்குச் சட்டியில் மிச்சமிருந்த கஞ்சியைக் கலப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். இன்னொருத்தி வீட்டுக்குப் போய்ப் பழைய வேட்டி ஒன்று கொண்டுவந்தாள். எனக்காக ஏதோ தர்மம் வசூலிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். குமாஸ்தா பதறிப்போய் அந்தப் பெண்களை விலக்கினார். அவர்களுக்கு வோட்டு இல்லை. நிலவரி கட்டுகிறவர்களுக்கு மாத்திரம்தான் வோட்டு. எனக்கும் இல்லை.

வோட்டு இருந்தவர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் என்பதால் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசி வந்திருந்தார்கள். குமாஸ்தா அவர்களைப் பார்த்து, "இவன் யார் தெரிகிறதா? இவன்தான் நீங்கள்" என்றார். மேடையில் அவர் புஸ்தகத் தமிழ்தான் பேசுவார்.

பின்னால் இருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டது எனக்குக் கேட்டது: "இது எந்த ஊராம்?"

"ராம்நாட்டுப் பக்கம் போல. அங்கதான் மழை கெடையாது."

இன்னோர் ஊரில் ஒரு சம்சாரி எழுந்து வண்டிக்குப் பக்கத்தில் வந்தார். விவசாயம் செய்கிறவர்களை அந்தப் பக்கம் சம்சாரி என்றுதான் சொல்வார்கள், குடியானவன் என்று குமாஸ்தா மட்டுமே சொன்னார். அவர் கலப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு, கொழுவைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள் என்று வண்டிக்காரரிடம் சொல்லி, தானே கழற்றிச் சரியாக மாட்டினார். என்னிடம், "காய்ச்சலா?" என்று கேட்டார். மில் இருமல் என்றேன். "ஓ, மில்லுக்காரரா" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். அந்தக் கூட்டத்தில் அதன் பிறகு என்னை யாரும் பார்க்கவில்லை. வாய்க்கால் மராமத்தைப் பற்றிக் கேட்டார்கள். குமாஸ்தா அதற்குத் தயாராக வரவில்லை.

குமாஸ்தாவின் பேச்சு ஊருக்கு ஊர் ஒன்றுதான். மழை இல்லை, மாடு செத்தது, கடன்காரன் வந்தான் என்று ஏறிக்கொண்டே போகும். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "இவன் மனைவி வைத்தியம் பார்க்க நாதியில்லாமல், குடிசையில் கிடந்து செத்தாள்" என்பார். என்னைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. பேச்சை முன்பே எழுதி மனப்பாடம் பண்ணியிருந்தார். முதல் தடவை கேட்டபோது என்னைச் சொல்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். பிறகு அதுவும் தமுக்குச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. அந்த இடம் வந்தால் பேச்சு முடியப்போகிறது, கையை இறக்கிக்கொள்ளலாம் என்று தெரியும்.

எந்த ஊருக்குப் போகிறோம் என்று என்னிடம் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. ஒருநாள் சாயங்காலம் வண்டி கால்வாய்ப் பாலத்தில் திரும்பியதும்தான் அது என் மாமனார் ஊர் என்று தெரிந்தது. இறங்கியிருக்கலாம். வண்டி மெதுவாகத்தான் போனது. இறங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அதற்குள் கூட்டம் நடக்கிற ஊர் மந்தை வந்துவிட்டது.

மாமனார் முன்வரிசையில் இருந்தார். அவருக்கு நிலம் உண்டு, வோட்டும் உண்டு. கல்யாணத்துக்குத் தைத்த அதே அரைக்கைச் சட்டை. காரியம் முடிந்த பிறகு நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை. அவர் என்னைப் பார்த்ததும் எழவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. ஊரில் எல்லோருக்கும் என்னைத் தெரியும். கூட்டம் வேறு ஊர்களை விட அமைதியாக இருந்தது. குமாஸ்தா அதைப் பார்த்து இன்னும் நன்றாகப் பேசினார். மழை, மாடு, கடன் எல்லாம் வந்து, குரல் தாழ்ந்தது.

"இவன் மனைவி வைத்தியம் பார்க்க நாதியில்லாமல்..."

மாமனார் எழுந்தார்.

"அய்யா, கொஞ்சம் நிறுத்துங்க."

குமாஸ்தா நிறுத்தினார்.

"அவரு வீட்டுக்காரி எம் மக. வைத்தியம் பாக்காம விடல. வலி எடுத்ததும் வண்டி கட்டிட்டோம். ரெண்டு டாக்டருமாரு பாத்தாங்க. ஊசி போட்டாங்க. ரத்தம் நிக்கல. அம்புட்டுத்தான்." சண்டை போடுகிற குரல் இல்லை அது. வரி கட்டப் போன இடத்தில் விவரம் சொல்கிற மாதிரிச் சொன்னார். "குடிசையிலயும் சாகல. அப்படிச் சொல்லாதீங்க."

குமாஸ்தா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "நான் பொதுவா குடியானவனைப் பத்திச் சொன்னேன்" என்றார்.

"பொதுவா யாருங்க செத்தா?" என்று மாமனார் கேட்டார். பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"எறங்குங்க மாப்ள. சாப்டு ரொம்ப நேரமாயிருக்கும்."

இறங்கினேன். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தார். இடுப்பில் கட்டிக்கொண்டேன். கூட்டம் விலகி வழிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை, அனுதாபமாகப் பேசவும் இல்லை. வேட்டிக்கடை வைத்திருந்த ஒருவர் மட்டும், "வாங்க" என்றார், எப்போதும் சொல்கிற மாதிரி.

வீட்டில் மாமனார் தன் வேட்டி ஒன்றைக் கொடுத்தார். கோவணத்தை அவிழ்த்து மாற்றிக்கொண்டேன். அத்தை அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. சோறும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் இலையில் வந்தன. கதவோரமாக நீண்ட அவர் கையை மட்டும் பார்த்தேன். மாமனாரும் உட்கார்ந்து சாப்பிட்டார். வண்டி விஷயத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. மில் எப்போது திறப்பார்கள் என்று கேட்டார். தெரியாது என்றேன். பயிர் எப்படி என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது, குருத்துப்பூச்சி கொஞ்சம் இருக்கிறது என்றார். அவரும் என்னைப் போலவேதான் இருந்தார் என்று சாப்பிடும்போது தெரிந்தது. என்ன கறி என்று தெரியாமலே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இங்கேயே இருந்துருங்க மாப்ள, மில்லு தெறக்குற வரைக்கும்" என்றார்.

"வாரேன் மாமா" என்று எழுந்தேன். இருந்திருக்கலாம். அந்த வீட்டில் அவள் கட்டிய சேலை கொடியில் அப்படியே கிடந்தது, எடுத்து மடித்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. அதற்குக் கீழே படுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். நான் மந்தைக்குத் திரும்பிப்போய் வண்டியில் ஏறினேன்.

குமாஸ்தா என்மேல் கோபமாக இல்லை. வழியெல்லாம் என்னென்னவோ விசாரித்தார். எத்தனை மாதக் கர்ப்பம், பெயர் என்ன, ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று. மரியாதையாகத்தான் கேட்டார். "சொல்லியிருக்கக் கூடாதாப்பா" என்று ஒரு தடவை சொன்னார். எல்லாவற்றையும் சொன்னேன்.

மறுநாள் அடுத்த ஊரில் பேச்சு மாறியிருந்தது. மழையும் மாடும் சுருங்கிவிட்டன. என் மனைவி நீண்டுவிட்டாள். பக்கத்து ஊரில் நேற்று இவன் மாமனாரே எழுந்து கண்ணீர் விட்டார் என்று சொன்னார். அவள் பெயரையும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, வைத்தியம் பார்க்க நாதியில்லாமல் என்று ஆரம்பித்தார்.

"வைத்தியம் பாத்தோம்" என்றேன்.

சத்தமாகச் சொன்னேனோ என்னவோ, முன்னால் இருந்தவர்களுக்குக் கேட்டது. வண்டியில் ஏறியதிலிருந்து கூட்டத்தைப் பார்த்து நான் பேசியது அதுதான் முதல் தடவை. குமாஸ்தா மேலே தொடர்ந்து பேசினார். "ரெண்டு டாக்டர் பாத்தாங்க" என்றேன். இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு, "எம் மாமனாரு அழவும் இல்ல" என்றேன். ஒரு பெரியவர், "அவரு என்னமோ சொல்றாருய்யா, கேளுங்க" என்று குமாஸ்தாவிடம் சொன்னார். நான் நெற்றியிலிருந்து கையை இறக்கிக்கொண்டேன்.

அன்றோடு என்னை நிறுத்திவிட்டார்கள். அந்த இடத்துக்கு அரிசி ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஒருவரைப் பிடித்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். என்னைப் போல அவருக்கு இருமல் கிடையாது. படுதாவில் மட்டும் என் முகம் தொடர்ந்து ஊர் சுற்றியது. நோட்டீஸ்களும் சுவர் சுவராக ஒட்டப்பட்டிருந்தன. பழங்காநத்தத்திலேயே சாராயக் கடைச் சுவரில் ஒன்று இருந்தது. வரிசை வீட்டுக்காரர்கள் ரெண்டு நாள் என்னைக் "குடியானவரே" என்று கூப்பிட்டார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை என்றதும் விட்டுவிட்டார்கள்.

வோட்டுப் போடும் நாளுக்குக் கொஞ்சம் முன்னால், அவளுடைய பாத்திர பண்டங்களைக் கொண்டுபோய்க் கொடுக்க மாமனார் ஊருக்குப் போனேன். சீராக வந்த பித்தளைக் குடமும் அண்டாவும். ஐப்பசி மழைக்கு முன்னால் வறட்டி தட்டிக் காயவைத்துச் சேர்க்கிற சமயம் அது. ஊருக்குள் நுழைகிற இடத்தில் சாவடிச் சுவரில் ஒரு பெரிய நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள் என்று வண்டிக்காரர் முன்பு சொல்லியிருந்தார். நான் போனபோது அந்தச் சுவர் முழுக்க வறட்டி. ஓரத்தில் பச்சை நிறம் கொஞ்சமும், வெடித்த நிலத்தில் ஒரு துண்டும் மட்டும் தெரிந்தன. மீதி மறைந்துவிட்டது.

அங்கே அத்தைதான் வறட்டி தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கூடையில் சாணம். என்னைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றார். சாவு வீட்டுக்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"வாங்க" என்றார்.

"நம்ம வீட்டுச் சுவரு இருக்கையில இங்கயா தட்டுறீக அத்தை?" ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.

"இங்கதான் வெயிலு நல்லா விழுது." கையிலிருந்த சாணத்தை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "கட்சிக்காரங்க வந்து கேட்டாங்க, ஏன் இப்படிப் பண்ணுறீகன்னு. சுவரு ஊருச் சுவருன்னு சொல்லிட்டேன். மறுபடி ஒட்டிட்டுப் போனாங்க. மறுபடி தட்டுனேன்" என்றார்.

நான் குடத்தையும் அண்டாவையும் கீழே வைத்தேன்.

"தண்ணிக்குப் போக வர இதான பாதை" என்றார் அவர். "கோவணத்தோட நிக்கிறீக. கைய நெத்தியில வச்சு யாரையோ தேடுற மாதிரி. எம்புட்டு நாளைக்குப் பாக்க?"

சொல்லிவிட்டு உருண்டையைச் சுவரில் அடித்தார். நான் இன்னும் ரெண்டு உருண்டை வரைக்கும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். பிறகு குடத்தையும் அண்டாவையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். கை கழுவிவிட்டு அவரும் வந்தார்.

தேர்தலில் பச்சைப் பெட்டி ஜெயித்தது. மாமனாரும் அதில்தான் போட்டிருந்தார். படுதாவுக்காக இல்லை, எனக்காகவும் இல்லை. அந்த அபேட்சகர் கடைசியில் தானே ஊருக்கு வந்து, உடைந்த மதகைக் கட்டித் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். "மத்த பெட்டிக்காரன் மதகுன்னு வாயே தெறக்கல மாப்ள" என்றார். மதகு மறுவருஷம் கோடையில் கட்டினார்கள். சுமாராகத்தான் கட்டினார்கள், ஆனால் தண்ணீர் நின்றது.

கார்த்திகையில் மில் திறந்தது. பழைய இடத்திலேயே எடுத்துக்கொண்டார்கள். தைப் பொங்கலுக்குச் சீர் என்று எனக்கு எதுவும் வர வேண்டியதில்லை, இருந்தும் மாமனார் ஒரு மூட்டை நெல்லோடு பழங்காநத்தம் வந்தார். அறைக்குள் வந்து உட்கார்ந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, "வேற பொண்ணு பாருங்க மாப்ள. நாங்களே பாத்துச் சொல்றோம்" என்றார். சரி என்றேன். அவர் பார்த்துச் சொன்ன இடத்தில்தான் பிறகு கட்டிக்கொண்டேன். கல்யாணத்துக்கு அவரும் அத்தையும் வந்து முன்னால் நின்றார்கள். சிம்மக்கல் பாய்க்கும் சொல்லியிருந்தேன். அவர் வரவில்லை. ஒரு டஜன் வெற்றிலைக் கட்டு ஆள் மூலமாகக் கொடுத்தனுப்பினார்.